இறால் குட்டையால் நிலம் இழந்த அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

மகளுக்கு மீன்வளப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தும், "நம்ம வயலை உப்பாக்கினவங்ககிட்டயே வேலைக்கு அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. பக்கத்து நிலத்தில் குட்டை வெட்டிக் கடல்தண்ணீர் ஏற்றினால், உப்பு கசிந்து வயலும் போர் தண்ணீரும் கெடும். நடவு, களையெடுப்பு என்று ஊர்ப் பெண்களுக்கு இருந்த கூலி போய், குட்டைக்கு இரண்டு மூன்று பேர் போதும் என்றாகிவிடும். தீவன மிச்சமும் இறாலின் கழிவும் கலந்த தண்ணீர் வாய்க்காலில்தான் இறங்கும்.

இதை எதிர்த்து உங்கள் பகுதியிலேயே காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்புக்கு ஜனங்களின் முறையீடு மட்டும் போதவில்லை. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கடற்கரைக்கு வந்து பார்த்துக் கொடுத்த அறிக்கையும் நீதிபதிகள் முன்னால் இருந்தது. தண்ணீர் கரிக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது புகார். அளந்து எழுதி ஒருவர் கையெழுத்துப் போட்டால் அது சாட்சியம். உங்கள் மகள் படிக்கப்போவது அந்த அளக்கும் வித்தையையும் சேர்த்துத்தான்.

2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி பண்ணைகளைப் பதிவு செய்யவேண்டும். கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்று அது வந்தபோது சொன்னது. சட்டம் எழுதியாயிற்று. குட்டைக் கரையில் நின்று சரிபார்க்க விவரம் தெரிந்த ஆட்கள் வேண்டும். கடலோரத்தில் பிறந்த பிள்ளைகள் அந்த இடத்துக்கு வரவேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் தீவனக் கம்பெனியும் குஞ்சு பொரிப்பகமும்தான். அங்கே விற்பனை இலக்கு வைப்பார்கள். தடைசெய்த மருந்தைக் கொடுக்கச் சொல்லும் முதலாளியும் வாய்க்கலாம். அப்படி ஒரு இடம் அமைந்தால் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை.

அதனால் இளங்கலையோடு நிறுத்தவேண்டாம். முதுகலையில் நீர்வாழ் சூழல் மேலாண்மையோ நீர்வாழ் உயிரின நோயியலோ எடுக்கட்டும். 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாக இறால் செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பவருக்குப் பண்ணைக்காரரிடமும் மதிப்பு உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறை என்று அதற்கப்புறம் வழிகள் இருக்கின்றன.

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் மகளோடு கல்லூரிக்குப் போய்வாருங்கள். உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய், உப்பு எவ்வளவு என்று அங்கே அளந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். அளக்கும்போது மகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.