அப்பத்தா நடிக்கவில்லை

காரைக்குடிச் சகோதரிக்கு வணக்கம். கழுவிக் கவிழ்த்த தட்டின் ஈரம் காய்வதற்குள் "இன்னும் எனக்குச் சோறு போடவில்லை" என்று வளவில் வந்து நிற்கும் அப்பத்தா, தம் திருமணச் சீர்வரிசைப் பாத்திரங்களை மட்டும் எண்ணிக்கையோடு சொல்வது நடிப்போ என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக நடிப்பில்லை.

மருத்துவர் சொன்ன அல்சைமர் என்னும் மறதி நோயில், மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும்தான் பெரும்பாலும் முதலில் சேதமடைகின்றன. நரம்பு செல்களுக்கு வெளியே அமைலாய்டு புரதம் படிந்து, உள்ளே டௌ புரதம் முறுக்கிக்கொள்ள, செல்கள் மடிவதற்கு முன்பே அவற்றுக்கிடையிலான இணைப்புகள் அறுந்துபோகின்றன. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த படிவுகளும் முடிச்சுகளும் இவையே. சற்றுமுன் சாப்பிட்டது அப்பத்தாவின் மூளையில் பதியவே இல்லை. பதியாததை எப்படி நினைவுகூர்வார், பாவம்? பழைய நினைவுகளோ மூளையின் வெளி அடுக்கான புறணியில் பரவலாக வேரூன்றியவை என்பதால் இன்னும் சில காலம் தாங்குகின்றன.

மடிந்த செல்கள் மீள்வதில்லை. ஆனாலும் மறதியைக் கூட்டக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுக் குறைவு இரண்டையும் சோதித்தார்களா என்று கேளுங்கள், அவை சரிசெய்யக்கூடியவை. முகப்புப் படியில் விழுந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதன்பின் மறதி கூடியிருந்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம், சி.டி. ஸ்கேனைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை சோறு கேட்டால் வாதாடாமல், ஒரு வெள்ளைப் பணியாரத்தைக் கையில் கொடுத்து, அந்தச் சீர்வரிசைக் கதையைக் கேளுங்கள்.