சதைத் துடிப்பும் இரவுச் சோதனைகளும் – கடிதம்

வணக்கம்.

ஐந்து மாதமாகக் கெண்டைக்கால் சதை துடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணிமையில்தான் முதலில் தொடங்கியது. இணையத்தில் தேடினால், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் கொடிய நோயான ஏ.எல்.எஸ் என்று வந்தது; அன்றோடு தூக்கம் போயிற்று. நரம்பியல் மருத்துவர் கைகால் பலம் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார், தசையில் ஊசி குத்தி அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். இரண்டு நாள் நிம்மதி. பிறகு, ஊசி குத்தாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது என்று மனம் ஆரம்பித்துவிட்டது. தினமும் இரவில் இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளக்கிறேன். இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர் குறைவு. நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தால் அதுவும் நடுங்குகிறது. கேட்டுக் கேட்டு என் மனைவிக்கே சலித்துவிட்டது. இன்னொரு ஈ.எம்.ஜி எடுக்கலாமா? வயது 36.

ச.

அன்புள்ள ச.,

மருத்துவரே கேட்டால் ஒழிய, வேண்டாம்.

நாக்கை எடுத்துக்கொள்வோம். நீட்டிய நாக்கு யாருக்கும் ஆடாமல் நிற்காது. அதை வெளியே பிடித்துவைக்கத் தசைகள் வேலை செய்கின்றன, அதனால் நடுங்குகின்றன. மருத்துவர்கள் நாக்கில் துடிப்பைத் தேடுவது அது வாய்க்குள் தளர்ந்து கிடக்கும்போதுதான். டேப்பும் அப்படித்தான். இரண்டு காலும் அச்சு அசலாக ஒரே சுற்றளவில் இருப்பவர்கள் குறைவு. டேப்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்தாலே உங்கள் ஒரு சென்டிமீட்டர் வந்துவிடும். இதோடு நுனிக்காலில் நிற்பது, குதிகாலில் நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று நீங்கள் எழுதாத சோதனைகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். களைத்த சதை அதிகமாகத் துடிக்கும், வலிக்கும், கனக்கும். இரவில் நீங்கள் கண்டுபிடிப்பதில் ஒரு பங்கு, அந்தச் சோதனையே உண்டாக்கியது.

ஒரு நரம்புச் செல்லும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஓர் அலகு. யாரும் கேட்காமலே அந்த அலகு ஒருமுறை சுண்டினால் அதுதான் துடிப்பு. தூக்கமின்மை, காபி, கடும் உடற்பயிற்சி, பதற்றம் எல்லாமே அதைத் தூண்டும். ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் இன்ஹேலர் போன்ற மருந்துகளும் தூண்டும். தைராய்டு மிகை, கால்சியம், மெக்னீசியம் குறைவு ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். பார்க்கவில்லையென்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைவு இல்லாமல் மெக்னீசியம் மாத்திரை விழுங்க வேண்டாம். வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

ஏ.எல்.எஸ்ஸில் நரம்புச் செல்கள் செத்துப்போகின்றன. ஆகவே அங்கே முக்கிய அடையாளம் பலமிழப்பு. பலமில்லாததுபோலத் தோன்றுவது வேறு, செய்ய முடியாமல் போவது வேறு. பாதம் தொங்கித் தரையில் தட்டும், சட்டைப் பொத்தான் போட வராது, பேச்சு குழறுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். வெறும் துடிப்போடு வந்த 121 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த, அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வு 1993இல் வெளிவந்தது. அவர்களில் ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. ஊசி குத்தாத இடம் பற்றிக் கேட்டீர்கள். ஈ.எம்.ஜியில் ஊசி தேடுவது துடிப்பை மட்டுமல்ல, நரம்பை இழந்த தசை நார்களின் அடையாளங்களையும்தான். வெளியே பலம் குறையாத தசையில்கூட அவை தென்படக்கூடும். பலமும் குறையவில்லை, ஈ.எம்.ஜியும் சரி என்றால் அந்த இரண்டும் சேர்ந்துதான் பதில்.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதைப் படித்ததும் இன்னும் இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆறுதல் கேட்பதும் உடலைச் சோதிப்பதும் உடல்நலப் பயத்தை எப்படி நீடிக்கவைக்கின்றன என்று சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இலேயே விரிவாக எழுதினார்கள். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது மாதிரிதான். எனவே வேலை துடிப்பின்மேல் அல்ல, சோதனையின்மேல்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் டேப்பை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நாக்கைப் பார்க்கத் தோன்றும்போது 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். சில நாளில் அதை 30 ஆக்குங்கள். உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும். அப்படி இறங்குவதை ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும், பயிற்சியே அதுதான். முதல் வாரம் பயம் கூடும். இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள், அல்லது கள்ளச் சோதனைக்கு மாறுகிறார்கள்: டேப்புக்குப் பதில் போனில் காலைப் படமெடுத்து ஒப்பிடுவது, கை குலுக்கும்போது பிடியை எடைபோடுவது, தன் உச்சரிப்பைத் தானே ஒட்டுக்கேட்பது. இவற்றையும் கணக்கில் சேருங்கள். இணையத் தேடலும் சோதனைதான்.

மனைவியிடம் மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் பேசி ஒரு வாக்கியத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டியது: “இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க.” கோபமில்லாமல், ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். ஒருநாள் மனமிரங்கி “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்டே இருந்தால் கிடைக்கும் என்று உங்கள் மனம் கற்றுக்கொள்ளும்.

காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று விட்டால் தலைவலி வரும், அதற்கும் ஒரு நோய் தேடுவீர்கள். நடையையும் உடற்பயிற்சியையும் பயந்து நிறுத்தாதீர்கள். உபயோகிக்காத கால் உண்மையிலேயே மெலியும், பிறகு அதுவே சாட்சியாகிவிடும். பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் துடிப்பு கூடுவது இயல்பு. இரவில் அதிகம் தெரிவதும் அப்படியே. அசையாமல் படுத்திருக்கையில் கவனத்துக்கு வேறு வேலை இல்லை. சிலருக்கு இந்தத் துடிப்பு வருடக்கணக்கில் வந்து வந்து போகும், அதனால் அது நின்றதா என்று பார்த்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள்.

மருத்துவர் ஒருவரே போதும். அடுத்து எப்போது வரவேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்தத் தேதிக்குப் போங்கள். மேலே சொன்ன பலமிழப்பு, விழுங்கும்போது புரையேறுவது, ஒரு தசை மற்றவர்கள் கண்ணுக்கே மெலிவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை வந்தால் மட்டும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு மாதம் முயன்றும் இரவுகள் மாறவில்லையென்றால் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் போங்கள். உடல்நலப் பயத்துக்கு நன்றாக வேலை செய்வது அது. மனநல மருத்துவர், பதற்றத்தைக் குறைக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரை தரலாம். முதல் சில வாரங்கள் அதனால் படபடப்பு கூடக்கூடும், சிலருக்குத் துடிப்பும் கூடும். உங்கள் பயம் எதைப் பற்றியது என்பதை மருந்து எழுதும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.