பிளாஸ்மாவில் சிலிக்கான் துகள்

அன்புள்ள ஐயா,

குவாண்டம் புள்ளிகள் (சில நானோமீட்டரே உள்ள குறைகடத்தித் துகள்கள்) பற்றிய கட்டுரையில், சிலிக்கான் நானோ துகள்களை பிளாஸ்மாவில் செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பிளாஸ்மா ஆயிரக்கணக்கான டிகிரி கொதிக்குமே, துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளாதா? நினைத்த அளவில் எப்படி நிறுத்துகிறார்கள்? எங்கள் கல்லூரி லேபில் செய்து பார்க்க முடியுமா?

முரளி

அன்புள்ள முரளி,

பிளாஸ்மா என்றால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரிகிற வாயு. நீங்கள் நினைப்பது வெல்டிங்கில் வரும் பிளாஸ்மா. இது டியூப்லைட்டுக்குள் இருக்கிற வகை. எலக்ட்ரான்கள்தான் பல்லாயிரம் டிகிரிக்குரிய ஆற்றலோடு திரியும். வாயு பெரிதாகச் சுடாது.

2005-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஊவே கோர்ட்ஸ்ஹாகன் குழுவினர் செய்து காட்டிய முறையைச் சொல்கிறேன். காற்றழுத்தம் மிகக் குறைந்த ஒரு குவார்ட்ஸ் குழாய். அதற்குள் ஆர்கானும் கொஞ்சம் சிலேன் வாயுவும் (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) ஓடும். வெளியே மாட்டிய உலோக வளையங்களில் ரேடியோ அலைவரிசை மின்சாரம். எலக்ட்ரான்கள் மோதி சிலேன் உடைய, சிலிக்கான் அணுக்கள் கூடித் துகளாகின்றன.

ஏன் ஒட்டுவதில்லை? அயனிகளைவிட, அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்களைவிட, எலக்ட்ரான்கள் பல மடங்கு வேகம். அதனால் துகள் மேல் முந்திக்கொண்டு ஏறுவது அவைதான். எல்லாத் துகளும் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று தள்ளுகின்றன.

அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நேரம். துகள் பிளாஸ்மாவுக்குள் இருப்பது சில மில்லிசெகண்டுகள்தான். வாயுவை வேகமாக ஓட்டினால் சிறியதாக வெளியேறும், மெதுவாக ஓட்டினால் பெரிதாக வளரும். 2 முதல் 8 நானோமீட்டர் வரை இப்படியே மாற்றலாம். சிறியவை சிவப்பாக ஒளிரும், பெரியவை அகச்சிவப்பை நோக்கி நகரும்.

எனக்கு விடாமல் ஆச்சரியம் தருவது வேறொன்று. சிலிக்கான் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாவதற்கு நல்ல சூடு வேண்டும். வாயுவில் அது இல்லை, ஆனாலும் துகள்கள் படிகமாகவே வருகின்றன! அயனியும் எலக்ட்ரானும் துகளின் பரப்பில் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. இத்தனூண்டு துகளுக்கு அந்தச் சின்ன வெப்பமே போதும், சுற்றியுள்ள வாயுவைவிட நூற்றுக்கணக்கான டிகிரி கூடிவிடும். ஆக உங்கள் சந்தேகம் பாதி சரி: துகள் சுடத்தான் செய்கிறது.

அப்புறம், கல்லூரி லேப். சிலேன் காற்று பட்டாலே தீப்பிடிக்கிற வாயு. அதற்கென்று தனி வாயு அலமாரி, கசிவு உணரி, பழகிய ஆள் எல்லாம் உள்ள இடம் என்றால் பேராசிரியரைக் கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.