டானிக்கும் வேண்டாம், நாலாவது நீட்டும் வேண்டாம்

அரியலூர் பக்கமிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் மூன்று முறை நீட் எழுதிவிட்டாள். மாதிரித் தேர்வில் நன்றாகச் செய்கிறவள், அசல் தேர்வில் படித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை என்று அழுகிறாள். ஞாபகசக்திக்கு எந்த டானிக் வாங்கலாம், அடுத்த முறைக்கு எந்த கோச்சிங் நல்லது என்று கேட்கிறார்.

ஐயா, பாப்பாவுக்கு அறிவில் குறை ஒன்றுமில்லை. நான் சொல்லக்கூடிய ஆறுதல் அவ்வளவுதான். நடுராத்திரி வரை உட்கார வைத்து, நாலு மணிக்கு எழுப்பி, சாப்பிடும்போது 'மாமா பையன் டாக்டராகிவிட்டான்' என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் இதுதான் நடக்கும். பதற்றத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும்போது, மூளையில் பதிந்ததை வெளியே எடுப்பது தடுமாறும். மாதக்கணக்கில் இப்படியே போனால்? பெங்களூரில் நரம்பியல் விஞ்ஞானி சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர், தொடர்ந்து நெருக்கடிக்கு உள்ளாக்கிய எலிகளிடம் 2002இல் கண்டது இது: நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின, பயத்தைக் கிளப்பும் அமிக்டலாவில் கூடின. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தேர்வு நெருக்கடியில் இருந்த மருத்துவ மாணவர்களுக்கே கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்தது. நெருக்கடி தீர்ந்து ஒரு மாதத்தில் சரியானது. அந்த ஒரு மாத ஓய்வைக்கூட நீங்கள் கொடுக்கவில்லையே!

நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கச் சொல்கிறாராம் தாய்மாமா. அதற்கும் நீட் தேற வேண்டும். திரும்பி வந்தால் இன்னொரு தகுதித் தேர்வு. நிலத்தைத் தொடாதீர்கள். மாமா சொல்லலாம், கடனை அடைக்கப்போவது அவரில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி எனக்குப் பிடித்தது. பாட்டிக்கு வலிப்பு வந்து, மூளையின் மின்னலைகளைக் கோடுகளாகப் பதியும் இ.இ.ஜி. எடுத்தபோது, 'இந்த ஒயர் எதற்கு, அந்தக் கோடு ஏன் குதிக்கிறது' என்று டெக்னீஷியனை இவள் துளைத்தெடுத்தாள் என்பது. இந்தப் பதிவுகளை எடுக்கக் கற்றுத்தர பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறது. அரசு துணைமருத்துவக் கலந்தாய்வுப் பட்டியலில் பலரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் பெயர்.

அந்த வேலை நுணுக்கமானது. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்து வந்தவரை உட்கார வைத்து, மூக்குத் தண்டின் மேல்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, பத்து, இருபது சதவீத இடைவெளிகளில் குறிவைத்து, பேஸ்ட் தடவி எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். கண்ணை மூடினால் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை ஆல்ஃபா அலைகள் ஓடும், திறந்தால் அடங்கும். வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், விளக்கை மினுக்குவார்கள், வலிப்பின் தடம் வெளிவருகிறதா என்று பார்ப்பார்கள். நோயாளி பல்லைக் கடித்தால்கூடக் கோடு கலங்கும். அது மூளையா தாடையா என்று பிரித்தறிவதும் இவர்கள் வேலை. அறிக்கை தருவது நரம்பியல் மருத்துவர். பதிவு சொதப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நரம்புக் கடத்தல் சோதனை, அறுவை அரங்கில் நரம்பைக் கண்காணிப்பது, தூக்க ஆய்வுக்கூடம் என்று அப்புறம் வழிகள் உண்டு.

சேர்க்கை விதி, காலம், கட்டணம் மூன்றையும் இந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள். அரசு இடம் கிடைக்காவிட்டால், நன்கொடை கேட்கும் கல்லூரிக்கு மட்டும் போகாதீர்கள். அவள் வேண்டாம் என்றால் இதையும் விட்டுவிடுங்கள். இது என் யோசனை, அவள் படிப்பு.

முதலில் இரண்டு வாரம் தூங்கவிடுங்கள். அதற்குப் பிறகும் தூக்கமோ பசியோ இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் இரவிலும் தமிழில் பேசலாம். மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பம் போட்ட பிறகு சொல்லுங்கள், போதும்.