ஒட்டுப்போட்ட பந்து

கேள்வி: மகனுக்குப் பதினாறு வயது. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு இருக்கிறான். "ஏ.எல். (உயர்தரம்) வேண்டாம், பாஸ்கெட்போல்தான் என்ர தொழில்" என்று நிற்கிறான். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். இவர் கோபத்தில் பந்தைக் கத்தியால் கீறிப்போட்டார். அவன் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி, அதையே அடித்துக்கொண்டு திரிகிறான். நான் யார் பக்கம் நிற்க?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, ஒட்டுப்போட்ட பந்து நேரே எழும்பாது. ஒட்டு நிலத்தில் படும்போதெல்லாம் ஒரு பக்கம் சாயும். அதையும் விடாமல் அடிக்கிற பிள்ளைக்கு இது இரண்டு நாள் ஆசை இல்லை. அதை முதலில் இவரிடம் சொல்லுங்கள்.

உயரத்தை விடுங்கள். பஞ்சாப் விவசாயி ஒருவரின் மகன் சத்னம் சிங் ஏழடி இரண்டு அங்குலம். 2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணி அவரைத் தெரிவு செய்தது, ஆனால் அமெரிக்காவின் பெரிய பாஸ்கெட்போல் லீக்கான என்.பி.ஏ.யின் பருவப் போட்டி ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. இப்போது மல்யுத்தம் செய்கிறார். மக்ஸி போக்ஸ் ஐந்தடி மூன்று அங்குலம், உங்கள் மகனின் காதளவுதான் வருவார். அதே லீக்கில் 14 பருவம் ஆடினார். நெட்டையர்களின் காலுக்குள் புகுந்து பந்தைப் பறிப்பதுதான் அவர் வேலை. உங்கள் மகனும் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற கார்ட் இடத்துக்குத்தான் சரி. இடக்கையால் பந்து தட்டிக்கொண்டு, நிலத்தைப் பாராமல் ஓட வருமா என்று கேளுங்கள். முழிப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இனிச் சம்பளக் கதை. என்.பி.ஏ.யில் 30 அணி, அணிக்கு 15 பேர். உலகம் முழுக்க உள்ள பிள்ளைகள் கனவு காண்பது அந்த 450 இடத்துக்கு. இலங்கையிலோ பந்து மட்டும் சோறு போடாது, பந்தால் கிடைக்கிற உத்தியோகம்தான் சோறு போடும். தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாம் அணி வைத்திருக்கின்றன. கொழும்பில் சில கம்பனிகளும் வைத்திருக்கின்றன. முதல் நாலின் பெயரைச் சொன்னதும் உங்கள் வீட்டில் என்ன பேச்சு எழும்பும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பேச்சை இப்போதே பேசி முடியுங்கள். மகன் கொழும்பில் போய் நின்ற பிறகு பேசி என்ன பயன்?

கிழக்கில் இந்த ஆட்டத்துக்குப் பழைய பெயர் உண்டு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கிய அமெரிக்கக் குருவானவர் ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட்டில் காணாமல் போனார். மட்டக்களப்பில் இன்றும் அவர் கதையைச் சொல்வார்கள்.

ஏ.எல்.லை மட்டும் விட விடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டில் சிறந்தவர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. ஆனால் மூன்று பாடமும் சித்தியடையாதவனுக்கு அந்தக் கதவும் திறக்காது. சீமெந்துத் தரையில் தினமும் குதிக்கிற முழங்கால் எத்தனை வருசம் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? கிழமைக்கு ஒரு நாளாவது பந்தைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

யார் பக்கம் நிற்க என்று கேட்டீர்கள். இவரை ஒரு பின்னேரம் மைதானத்துக்கு அனுப்புங்கள். ஒன்றும் பேச வேண்டாம், மதிலோரம் நின்று பார்த்துவிட்டு வரட்டும். புதுப் பந்துக்கு வீட்டுச் செலவுக் காசை எடுக்காதீர்கள், கீறினவரே வாங்கிக் கொடுக்கட்டும். ஆண்கள் ஆடுவது 7ஆம் இலக்கப் பந்து. கடையில் அதைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.