செவ்வாய்க்கிழமை அந்தோனியாரும் அண்ணாவின் கலியாணமும்

அன்பின் அண்ணாவுக்கு,

சமயத்தைச் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதிவருவதை வாசிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம், சைவக் குடும்பம். அம்மா வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மனுக்கும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் போவா. அப்பாவின் பைபாஸ் ஒப்பரேசனுக்கு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தவ, அன்றிலிருந்து ஒரு செவ்வாயும் விட்டதில்லை. அப்பாவும் சுகமாக இருக்கிறார். இப்போது எங்கள் வீட்டு அண்ணா ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைக் கட்டப்போகிறேன் என்று சொல்ல, அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டா. "வேதக்காரப் பிள்ளை எங்களுக்குச் சரிவராது" என்கிறா. அதே கிழமை செவ்வாய் வர, வழமைபோல மெழுகுதிரியோடு கொச்சிக்கடைக்குப் போயும் வந்துவிட்டா! இது பாசாங்கு இல்லையா? கம்பஸில் முதல் வருடம் மார்க்ஸ் என்றால் சமயம் மக்களுக்கு அபின், டுர்கைம் என்றால் கடவுள்தான் சமூகம் என்று பாடமாக்கினோம். அப்படியென்றால் அம்மா யாரைக் கும்பிடுகிறா? படிப்பு கூடக் கூட இதெல்லாம் குறையும் என்றும் சொல்லித் தந்தார்கள். எங்கள் ஃபிளாட்டில் எல்லா வீட்டிலும் பட்டதாரிகள், குறைந்த மாதிரித் தெரியவில்லை.

(பெயர் போட வேண்டாம்)

அன்பின் தங்கைக்கு,

பாசாங்கு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லை வீட்டில் ஒருதரம் பாவித்துவிட்டீர்கள் என்றால் அண்ணாவின் கலியாணம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

நீங்கள் பாடமாக்கிய இரண்டு வரிகளில் மார்க்ஸை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 1844இல் அவர் எழுதிய அந்தப் பந்தியில் அபின் வருவதற்கு முன்னாலேயே ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு, இதயமில்லாத உலகத்தின் இதயம் என்றெல்லாம் இருக்கிறது; பரீட்சைக் குறிப்புகளில் அபின் மட்டும்தான் மிஞ்சியது. டுர்கைமிடம் வருவோம். யூத மதகுரு ஒருவரின் மகன், தான் எதையும் நம்பாதவர், அவுஸ்திரேலியாவுக்கு ஒருநாளும் போகாமல் அங்குள்ள பழங்குடிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பாரிஸில் இருந்து வாசித்து, 1912இல் அவ்வளவு பெரிய புத்தகத்தை எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, பொய்யான சமயம் என்று ஒன்றும் கிடையாது என்கிறார். மனிதர் ஒன்றுகூடும்போது தங்களுக்கு வெளியே ஒரு சக்தி இருப்பதாக உணர்கிறார்கள், அந்த உணர்வு உண்மை, அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அவருக்கும் பக்தருக்கும் கருத்து வேறுபாடு. அந்தோனியார் அப்பாவைக் காப்பாற்றினாரா என்று சமூகவியலிடம் கேட்டால் அதற்கு விடை வராது. ஏன் செவ்வாய்க்கிழமை, ஏன் இந்தச் சனத்தோடு, ஏன் மருமகள் என்று வரும்போது மட்டும் தடை, இப்படிக் கேட்டால் கொஞ்சம் ஏதாவது சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நீங்களும் போய் வாசல் பக்கம் சும்மா நில்லுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள், அதைத் தாண்டிப் போனால் எல்லாம் பழையபடிதான். திருநீறு பூசிய நெற்றி, மணிக்கட்டில் பௌத்தரின் பிரித் நூல், கழுத்தில் செபமாலை, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். சொரூபத்தின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கையைப் பாருங்கள், கோயிலில் தீபத்தைத் தொட்டு ஒற்றுகிற அதே கை, அதே அசைவு, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சிலர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மடித்து எடுத்துப் போவார்கள், வீட்டில் யாரோ வருத்தமாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். வரிசையில் நிற்கிற ஒருவரையும் நீ எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. முகத்துவாரம் காளி கோயிலில் சிங்களச் சனம் நிற்பதும், நகரமண்டபச் சந்தியில் தெவட்டகஹ பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தவரும் போய்வருவதும் இதே வகைதான்.

டுர்கைம் இதற்கு ஒரு இடம் வைத்திருந்தார். மந்திரவாதிக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், சபை இல்லை என்றார். அதாவது ஒரே மந்திரவாதியிடம் போகிற நூறு பேரை அந்தப் போக்குவரத்து ஒரு சமூகமாகக் கட்டுவதில்லை. டொக்டரின் அறைக்கு வெளியே நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கொச்சிக்கடையில் அந்த வகை. சைவத்தில் அவ உறுப்பினர். மந்திரம் என்ற அந்த வார்த்தையில் ஒரு இளக்காரம் இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதில்லை, ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனிசியின் நேர்த்தியை மந்திரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் அவர் போட்ட கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. துன்பம் ஏன் எனக்கு மட்டும் வந்தது என்ற கேள்வியை மாக்ஸ் வெபர் சமயத்தின் நடுவில் வைத்தார், அந்தக் கேள்வியோடு போகிற ஆளுக்கு வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம், உள்ளே இருக்கிறவரின் சமயம் இரண்டாம் பட்சம்.

இது சமயம் செய்கிற ஒரு வேலை. இன்னொரு வேலை இருக்கிறது, உங்கள் வீட்டில் இப்போது நடக்கிற சண்டை முழுக்க அதைப் பற்றியதுதான். யார் எங்கள் ஆள் என்று குறித்து வைப்பது. அங்கே வாசல் திறந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரில் மணமகன் தேவை பக்கத்தை எடுத்துப் பாருங்கள். யாழ் இந்து, வேளாளர், செவ்வாய் 7இல், வெளிநாடு விரும்பத்தக்கது. பக்கத்திலேயே ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்கம். அதற்குக் கீழே இன்னொன்று, அதிலும் ஆர்சிதான், சாதியையும் சேர்த்துப் போட்டிருக்கும். எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தீர்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. சட்டத்தில் உங்கள் அண்ணாவுக்கு ஒரு தடையும் கிடையாது, பொதுத் திருமணப் பதிவில் சைவரும் கத்தோலிக்கரும் தாராளமாகக் கையெழுத்து வைக்கலாம். தடை முழுக்க மாமி சித்தி பெரியம்மாவிடம் இருக்கிறது.

இந்தக் குறித்து வைக்கிற வேலையை வீடு மட்டும் செய்வதில்லை, அரசாங்கம் இன்னும் சுறுசுறுப்பாகச் செய்கிறது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவு கிடையாது என்று உங்கள் வயதுக்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் பௌத்தர்களின் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைச் சந்திரன், நாலுக்கும் லீவு. சந்திரன் நம் ஏழு நாள் கணக்குக்கு அடங்குகிற ஆள் இல்லையே, அதனால் வாரங்கள் நீளுவதும் குறைவதுமாக இருந்தன. ஞாயிறு பூசை வேலைநாளில் விழுந்தது, வெளிநாடுகளோடு வியாபாரம் செய்த கொழும்புக் கம்பனிகளுக்கோ அங்கே திறந்திருக்கிற நாளில் இங்கே பூட்டு. 1971இல் கைவிட்டார்கள், பௌர்ணமி போயா மட்டும் இன்றுவரை லீவாக நிற்கிறது. எந்த நாளில் வேலை நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற கூட்டம் நாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது, அடுத்த வருடமே, 1972 அரசியலமைப்பில், பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுத்தில் வந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சாவிலும் இதுதான். பொரளை கனத்தையில் கல்லறைகள் சமயவாரியாகப் பகுதி பகுதியாகக் கிடப்பது ஒருபுறம். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி போட்டார்களே, அதை நினைத்துப் பாருங்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்க, இங்கே முஸ்லிம் குடும்பங்களின் மையித்துகளை எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தெவட்டகஹவில் நேர்த்தி வைத்த பௌத்தர்கள் அந்தப் பத்து மாதமும் இதே ஊரில்தான் இருந்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு யூன் 13ஆம் திகதியும் அந்தோனியார் திருவிழாவைக் காட்டி, பாருங்கள் மத நல்லிணக்கம் என்று எழுதுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. வரிசையில் நிற்கிற அன்பு உண்மை, ஆனால் அது வேறு கணக்கு, அதை இந்தக் கணக்கில் வரவு வைக்க முடியாது. 1983 யூலையில் இந்த நகரத்தில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் தமிழரின் வீடுகளைத் தேடின. கத்தோலிக்கம் சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான சமயம்தான், தமிழ்க் கத்தோலிக்கரின் வீடுகளுக்கு அதனால் ஒரு விலக்கும் கிடைக்கவில்லை.

சரி, இந்த இறுக்கமான வேலி எப்போதும் இப்படியேதான் இருந்ததா? இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், சனம் எடுத்தது, வீட்டுக்குள் பழையபடி கும்பிட்டது, ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் பெருந்தொகையானோர் திரும்பிவிட்டார்கள். கத்தோலிக்கம் அப்போது தடை, கொச்சிக்கடைக் கோயிலின் கதையே வியாபாரி வேடத்தில் ஒளித்துத் திரிந்த ஒரு பாதிரியாரில்தான் தொடங்குகிறது. வேலிக்குச் சீமெந்து பூசியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கி, மிஷனரிமாரின் கேள்வி-பதில் பாணியிலேயே சைவ வினாவிடை எழுதினார். அமெரிக்கரான ஒல்கொட் 1880இல் வந்திறங்கி, அடுத்த வருடமே பௌத்தத்துக்கு ஒரு வினாவிடை போட்டார். பிறகு இதைத்தான் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர புரட்டஸ்தாந்து பௌத்தம் என்று பெயரிட்டார், எதிர்க்கிறவரிடமிருந்தே வடிவத்தை எடுத்துக்கொள்வது. பெண்ணுக்குச் சைவம் என்றால் என்ன, பிள்ளைக்குப் பௌத்தம் என்றால் என்ன என்பதற்கு ஒரு மார்க் போடக்கூடிய விடை அப்போதுதான் வந்தது. நாவலர் உங்கள் அம்மாவின் பேப்பரைத் திருத்தினால் செவ்வாய்க்கிழமைக்காக நிச்சயம் சுழியம் போடுவார். தர்காவில் நேர்த்தி வைக்கிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிற முஸ்லிம் சீர்திருத்தக்காரரும் சொரூபம் தொடுவதை விரும்பாத புரட்டஸ்தாந்துக்காரரும் பக்கத்து மேசையில் அதே சிவப்புப் பேனையோடு இருப்பார்கள்.

உங்கள் ஃபிளாட்டுப் பட்டதாரிகளுக்கும் ஒபேசேகரவிடம் பதில் இருக்கிறது. 2025இல் காலமான இந்த மானிடவியலாளர், ரிச்சர்ட் கொம்பிரிச்சோடு சேர்ந்து 1988இல் எழுதியது பெரும்பாலும் கொழும்பையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் பற்றியது. நகரம் வளர, படிப்புப் பரவ, கதிர்காமக் கந்தனுக்கும் காளிக்கும் கூட்டம் ஏறியதே தவிர இறங்கவில்லை. காரணத்தை மூடத்தனத்தில் தேட வேண்டியதில்லை. படித்தவருக்கு ஆசை கூடுகிறது, அந்த ஆசைக்கேற்ற வேலையும் வீடும் விசாவும் அதே வேகத்தில் கிடைப்பதில்லை, ஊரிலிருந்த சொந்தக்காரரும் பக்கத்தில் இல்லை. இடைவெளியை நிரப்ப ஒரு கை தேவைப்படுகிறது. நவீனம் வரச் சமயம் தேயும் என்று 1960களில் எழுதிய சமூகவியலாளர் பீட்டர் பேர்கரே பிற்பாடு அதை மாற்றிக்கொண்டார். உங்களுக்குக் கம்பஸில் சொல்லித் தந்தது பழைய பேர்கரை.

இனி அண்ணாவின் விஷயம். இது சமூகவியலுக்குள் வராது, கேட்டதால் சொல்கிறேன். அம்மாவோடு கதைக்கும்போது கொச்சிக்கடையை எடுத்துச் சண்டை போட வேண்டாம், அவவுக்கு அது வேறு விஷயம், எடுத்தால் இரண்டையும் இழப்பீர்கள். அவவுக்குப் பயம் பிள்ளைகளைப் பற்றித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நானமா, காதுகுத்தா. இந்த நாட்டில் பேரப்பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகும்போதே சமயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 1960, 61இல் அரசாங்கம் எடுத்த பள்ளிக்கூடங்களில் எடுத்தபோது இருந்த சமய விகிதத்தைப் பார்த்துத்தான் இன்னும் இடம் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு ஓஎல் வரைக்கும் சமயம் ஒரு கட்டாயப் பாடம், அந்தப் பாடவேளைக்கு மணி அடித்ததும் பிள்ளை எந்த வகுப்பறைக்குப் போவது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும். அண்ணாவும் அந்தப் பிள்ளையும் இதைக் கதைத்திருக்கிறார்களா? கதைக்கவில்லை என்றால் முதலில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கதைக்கட்டும். விடை சைவமோ கத்தோலிக்கமோ, இரண்டு வீட்டுக்கும் ஒரே விடையாக இருக்க வேண்டும், அதோடு அம்மாவிடம் போகட்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவ வீட்டில் இருக்கமாட்டா.