விரலில் வெட்டு, கையில் கேப்சூல்

கேள்வி: கத்தி பட்டு விரலில் வெட்டு, மூன்று நாள் ஆகிறது. தினமும் டிஞ்சர் தடவி, பவுடர் தூவி, பிளாஸ்டர் ஒட்டுகிறேன். வலி குறைந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. ஆனால் சுற்றித் தோல் வெளுத்து, நடுவில் மெல்லிய மஞ்சள் படலம் இருக்கிறது. மருந்துக் கடையில் செப்டிக் என்று ஆன்டிபயாடிக் கேப்சூல் கொடுத்தார்கள். இரண்டு வருடம் முன்பு போட்ட டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியை மறுபடி போட வேண்டுமா?

பதில்: கேப்சூலைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது செப்டிக் இல்லை. வெளுத்த தோல், ஈரம் போக வழியில்லாத பிளாஸ்டருக்குள் ஊறிய தோல், துணி துவைத்த விரல் மாதிரி. மஞ்சள் படலம் பெரும்பாலும் காயம் ஆறும்போது படிவதுதான், சுரண்ட வேண்டாம். சிவப்பு பரவி, சூடாகி, வலி கூடி, சீழ் வந்தால்தான் கதையே வேறு, அப்போது டாக்டரிடம் காட்டுங்கள். கடைக்காரர் விரலைப் பார்க்காமலே கவுண்டரில் நின்று செப்டிக் என்கிறார், நாமும் வாங்கி நாலு வேளை போட்டுவிட்டு நிறுத்துகிறோம், யாரும் கேட்பதில்லை!

டிஞ்சரையும் பவுடரையும் நிறுத்துங்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, புதிதாக வளரும் செல்லும் சேர்ந்து சாகிறது. பவுடர் கட்டியாகி உள்ளே என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும். ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவி மூடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள், அவ்வளவுதான். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பார்கள். 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக மூடியது.

ஊசி வேண்டாம். சிறு வயதுத் தவணைகள் முழுதாகப் போட்டவருக்கு, கடைசி ஊசியிலிருந்து, சுத்தமான சின்னக் காயம் என்றால் பத்து வருடம், மண் சாணி பட்ட காயம் என்றால் ஐந்து வருடம் கணக்கு. ஒவ்வொரு கீறலுக்கும் ஒன்று குத்தி அனுப்புகிறார்கள், தேதியைச் சீட்டில் எழுதித் தர மட்டும் யாருக்கும் நேரமில்லை. நீங்களே போனில் குறித்து வையுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் விலக்கு, நாயோ பூனையோ கடித்தது, பிறாண்டியது. ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் சரி, வீட்டு நாயாக இருந்தாலும் சரி, மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அப்புறம் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரேபிஸ் ஊசிக்கும் டிடி ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. டிடி போட்டாயிற்று என்று திருப்தியாகத் திரும்பி வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.